சீரியல் வீட்டு மாடிப்படி

சீரியலில் வரும் பணக்கார வீடெல்லாம் நிஜமா என்று யாராவது கேட்டால் நான் நகையைப் பார்க்கச் சொல்வதில்லை. பட்டுப்புடவையோடு தூங்கி எழுவதையும், லிப்ஸ்டிக் கலையாமல் ஆஸ்பத்திரியில் கோமாவில் கிடப்பதையும் கிண்டல் செய்து எல்லோரும் ஓய்ந்தாகிவிட்டது. நான் பார்க்கச் சொல்வது மாடிப்படியை. வாசலைத் தாண்டினால் ஒரு பெரிய ஹால். அந்த ஹாலிலிருந்தே வளைந்து ஏறும் அகலமான படி, பளபளக்கும் கைப்பிடி. மேலே நின்று வில்லி எட்டிப் பார்ப்பாள். கீழே கதாநாயகி கண்ணீரோடு நிற்பாள். படி இல்லாத பணக்கார வீட்டைச் சீரியலில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு நினைவில்லை.

இந்தப் படி நம் ஊர்ப் பணக்காரர்களிடமிருந்து வந்ததில்லை என்பதுதான் விஷயம். இரண்டு இடங்களை வைத்துச் சொல்கிறேன். ஒன்று நான் குடியிருக்கும் ஜீவனஹள்ளி. இன்னொன்று நான் பிறந்த காரைக்குடிப் பக்கம்.

ஜீவனஹள்ளி பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனை ஒட்டி, கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் தெருவில் நடந்தால் ஒரு ஜன்னலில் விட்ட வசனத்தை அடுத்த ஜன்னலில் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவு தமிழ் சீரியல் ஓடும். வீடுகளோ முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டியவை, இல்லாவிட்டால் அதில் பாதி, இருபதுக்கு முப்பது. கீழே ஓனர், மேலே மாடிக்கு இரண்டு போர்ஷன், மொட்டை மாடியில் ஒற்றை ரூம். எல்லாவற்றுக்கும் மாடிப்படி வெளியே இருக்கும். குடித்தனக்காரர் ஓனர் வீட்டு ஹாலை மிதிக்காமல் ஏறி இறங்க வேண்டுமே! பெங்களூரில் மாடிப்படி என்பது வாடகை வருகிற வழி. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து அந்தப் படியில் கேஸ் சிலிண்டர் தூக்கி ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதே பகுதியில் நிஜப் பணக்கார வாழ்க்கையும் இருந்தது. 1809-ல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து கன்டோன்மென்டை அமைத்தார்கள். மெட்ராஸ் படையோடு வந்த சிப்பாய், சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர், வண்ணார், கொத்தனார் எல்லோரிலும் பெரும்பங்கு தமிழர்கள். 1898-ல் பிளேக் வந்த பிறகு நெரிசலைக் குறைக்க ஃப்ரேசர் டவுன் போன்ற புதுப் பேட்டைகள் உருவாயின. துரைமார்களின் பங்களாக்களில் மிஞ்சியவை இன்றும் அங்கங்கே நிற்கின்றன. பெரும்பாலும் தரைத்தளம் மட்டும்தான். முன்னால் வராந்தா, அதன் மேல் மரச்சட்டம் வைத்த 'மங்கி டாப்', சுற்றிலும் தோட்டம், பின்னால் தள்ளி அடுப்படி, அதற்கும் பின்னால் வேலைக்காரர்களின் அவுட்ஹவுஸ். நிலம் அவர்களிடம் ஏராளம். ஏன் மாடி ஏற வேண்டும்? அன்றைக்குச் செல்வம் என்றால் காம்பவுண்டுக்குள் எத்தனை மரம், எத்தனை ஆள் என்பதுதான். அந்த வாழ்க்கையை நம் ஆட்கள் மூன்று நான்கு தலைமுறையாக அடுப்படி வழியாகப் பார்த்தவர்கள். வெள்ளிக்கரண்டியைத் தினமும் எண்ணி வைப்பது யார் வேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

காரைக்குடிக் கதை இன்னும் சுவாரசியம். செட்டிநாட்டு வீடுகளைவிடப் பெரிய ஆடம்பரம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பர்மாத் தேக்கு, இத்தாலிய சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீளவாக்கில் ஓடும். நடுவில் வானம் பார்த்த முற்றம். மாடிக்குப் போகும் படி? ஒரு மூலையில், ஓர் ஆள் மட்டும் ஏறுகிற அகலத்தில், சில வீடுகளில் தலை இடிக்கிற உயரத்தில் இருக்கும். விருந்தாளிக்குக் காட்டுகிற பொருளே இல்லை அது.

அந்த வீட்டுக் கூட்டுக்குடும்பமும் சீரியல் கூட்டுக்குடும்பம் மாதிரி இல்லை. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்'. வீட்டைவிட்டு அனுப்புவது என்று அர்த்தமில்லை. அதே வீட்டில், வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் ஒன்று அவர்களுக்கு. அடுப்பு தனி. செலவுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ், ஆனால் உப்பு புளி தனித்தனி. முப்பது பேர் நீள டைனிங் டேபிளில் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் தட்டை இன்னொருவர் பிடுங்கும் காட்சிக்கு அங்கே இடமே கிடையாது. இந்தச் சண்டையெல்லாம் வரும் என்று அறிந்துதானே அடுப்பைப் பிரித்தார்கள் பெரியவர்கள். என் பெரியப்பா அப்படி ஒரு வீட்டில் கணக்கெழுதினார். பேரேடு, ஐந்தொகை என்றால் அந்த வீட்டில் சாமிக்குச் சமம் என்பார். கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர்கூட எண்ணிச் சிட்டையில் ஏறும். உண்மையான பணக்காரன் எண்ணுவான். சீரியல் பணக்காரன் எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்படியானால் ஹால் நடுவே அந்தப் படியை வைத்தது யார்? சினிமாதான். இதில் ஒரு வேடிக்கை. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தது காரைக்குடியில். நான் மேலே சொன்ன வீடுகளுக்கு நடுவே. அடுத்த ஆண்டு ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. அங்கே ஐம்பது அறுபதுகளில் எழும்பிய பணக்கார வீட்டு செட்களில் முற்றம் காணாமல் போய், ஹாலிவுட் மாளிகைகளின் படி உள்ளே வந்துவிட்டது. காரணம் எளிது. முற்றத்தைச் சுற்றித் தூண்கள், கேமராவை மறைக்கும். படியோ கேமராவுக்கு என்றே பிறந்தது. டிரெஸ்ஸிங் கவுனும் பைப்புமாக அப்பா மேலிருந்து இறங்கி வந்தால் வசனம் தேவையில்லை, அவர் பணக்காரர். ஏழைக் காதலன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கதையே முடிந்தது.

டிவி முதலில் இந்தப் படியை வைத்துக்கொள்ளவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தக் கால நாடகங்களில் வீடு என்றால் ஒரு சோபா, ஒரு டீப்பாய், பின்னால் திரை, அவ்வளவுதான். 1984 ஜூலையில் டெல்லியிலிருந்து 'ஹம் லோக்' வந்தது. மெக்சிகோவில் மிகெல் சபிதோ என்பவர் குடும்பக் கட்டுப்பாடு, எழுத்தறிவு போன்றவற்றைத் தொடர்கதையாகச் சொல்லி வெற்றி கண்டிருந்தார். அதைப் பார்த்துச் செய்த அரசாங்க முயற்சி அது. நெருக்கடியான வீட்டில் வாழும் கீழ் நடுத்தரக் குடும்பம், குடிக்கிற அப்பா, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள். ஆடம்பரம் கதைக்குள் இல்லை. நிகழ்ச்சியை ஸ்பான்சர் செய்த மேகி நூடுல்ஸ் விளம்பரத்தில் இருந்தது! சரக்கு விற்க வந்தவர்களுக்கு அதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. தொடர்ந்து வருகிற குடும்பக் கதையோடு எதையும் விற்கலாம்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி'. அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும், ராத்திரி ஒன்பதரைக்குமேல்தான் நமக்கு சோறு :-)

கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எல்லா சீரியலும் மாளிகை சீரியல் இல்லை. 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யில் சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள். கதை முழுக்கப் பணம் எண்ணப்படுகிறது. சீர் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்டார்கள். அதனால்தான் அதைப் பார்த்து அழுதவர்கள் உண்மையாகவே அழுதார்கள் என்று நினைக்கிறேன். 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த 'கோலங்கள்' (1533 பகுதிகள்!) நடுவே நிற்கிறது. நடுத்தர வீட்டு அபி கட்டுமானத் தொழிலில் இறங்கிச் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள். ஆரம்பத்தில் சம்பளம், பஸ், வாடகை எல்லாம் கதையில் இருந்தது. போகப்போக டெண்டர், கோடி, ஆள் கடத்தல் என்று பணம் எண்ண முடியாத அளவுக்குப் பெரிதாகி, கடைசியில் எண்ண வேண்டிய அவசியமே போய்விட்டது.

வடக்கே இன்னும் பெரிய மாற்றம். 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸில் 'க்யூங்கி ஸாஸ் பி கபி பஹு தி' வந்தது. விரானி குடும்பம், மாளிகை, தொழில் சாம்ராஜ்யம். எட்டு வருஷம் ஓடியது. (2025-ல் மறுபடி ஆரம்பித்தார்கள்.) அதே மாதிரி வீடுகள் இந்தி டப்பிங்கிலும், ரீமேக்கிலும், சும்மா பார்த்துச் செய்ததிலும் தமிழுக்குள் வந்தன.

ஏன் மாளிகை என்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. தினசரி சீரியல் என்றால் ஏறக்குறைய தினமும் ஒரு பகுதி எடுத்தாக வேண்டும். சன் டிவியில் தயாரிப்பாளர் அரை மணி நேரத்தை வாங்கி, விளம்பரத்தை விற்றுச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இடம் மாற மாறச் செலவு. ஆகவே பாத்திரங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். மூன்று அண்ணன் தம்பி, அவர்கள் மனைவிகள், அத்தை, விதவை அக்கா எல்லோரும் ஒன்றாகக் குடியிருப்பது தமிழ்ப் பண்பாட்டுக்காக அல்ல, தயாரிப்பு மேனேஜருக்காக. சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம், ஈ.சி.ஆர். பக்கம் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடும் பங்களாக்கள் உண்டு. சின்ன வீட்டில் லைட், ட்ராலி, மைக், முப்பது நாற்பது ஆட்கள் நிற்க முடியாது. பெரிய ஹால் வேண்டும். ஹாலில் படி இருந்தால் ஒரே அறையில் இரண்டு உயரம் கிடைக்கும். ஒட்டுக்கேட்க ஓர் இடம், மயங்கி விழ ஓர் இடம், கர்ப்பிணி மருமகளை உருட்டிவிட ஓர் இடம். திரைச்சீலையையும் சோபாவையும் மாற்றினால் அதே வீடு வேறு சீரியலில் வேறு குடும்பத்துக்குச் சொந்தம். என் மனைவி இதில் எக்ஸ்பர்ட். "இந்தப் படியிலதாங்க போன வருஷம் வேற ஒருத்தி விழுந்தா" என்பாள்.

ஆக நாம் பணக்காரர் வீடு என்று பார்ப்பது ஒரு படப்பிடிப்புத் தளம். அதில் பணக்காரர் எப்படி வாழ்கிறார் என்று தேடுவதே வீண். கம்பெனி எம்.டி. பகல் பதினோரு மணிக்கு வீட்டு ஹாலில் நிற்கிறார் என்றால் அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை, அன்றைக்கு ஆபீஸ் செட்டுக்கு டேட் இல்லை!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் யார் பார்த்தார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 37 ஒரே அறையில் வாழ்ந்தன. ஆறு அறையோ அதற்கு மேலோ உள்ளவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கார் வைத்திருந்தவை 4.7. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில்தான், 2006 தேர்தல் வாக்குறுதிப்படி, தமிழ்நாட்டு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் இலவச கலர் டிவி கொடுத்திருந்தது. ஒற்றை அறையில், எதிர்ச்சுவரில், அந்தப் படி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் 'டாலஸ்' 1978-லிருந்து 1991 வரை எண்ணெய்ப் பணக்காரர் வீட்டைக் காட்டியது. மெக்சிகோவின் ஒரு தொடருக்கு, 1979-ல் வந்தது, பெயரே 'பணக்காரர்களும் அழுவார்கள்'. சோவியத் நாடு உடைந்த நேரத்தில் ரஷ்யாவில் கடைக்குள் சாமான் இல்லாதபோது ஜனம் அதைப் பார்த்து உருகியது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஓகின், ஷ்ரம் இருவரும் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டில் எத்தனை பேருக்கு டென்னிஸ் மைதானம், சொந்த விமானம், வேலைக்காரர் இருக்கும் என்று கேட்டால், டிவி அதிகம் பார்ப்பவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னார்களாம். பார்ப்பது கதை என்று தெரிந்தாலும் கணக்கு மனதுக்குள் ஏறிவிடுகிறது.

வெளியூரில் வேலை பார்க்கும் நமக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்றால் ஊரில் ஒரு படம் ஓடும். என் அத்தை ஒருமுறை போனில் கேட்டார், "ஏப்பா, நீ இருக்கிறது மாடி வீடாமே, படி உள்ளுக்குள்ளயா வெளியிலயா?" "வெளியில அத்தை." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப வாடகை வீடா" என்றார். சரியான கேள்வி. ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசும்போது, தம்பிக்குக் காலேஜ் சீட் பார்க்கும்போது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்கும்போது, நம் தலைக்கு எழுதுகிற தொகையில் அந்த உள்படி எங்கோ இருக்கிறது. இல்லை என்று சொல்லவும் கூச்சம், நாமும் போட்டோவுக்கு மால் முன்னால்தானே நிற்கிறோம்.

சீரியலைத் திட்டுவதோடு நிறுத்துவதும் நியாயமில்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2001-லிருந்து 2003 வரை தமிழ்நாடு உள்பட ஐந்து இடங்களின் கிராமங்களில் கேபிள் டிவி வந்த பிறகு என்ன மாறியது என்று பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்திருந்தது. டிவியில் நகரத்துப் பெண் வேலைக்குப் போகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், தன் பெயரில் கையெழுத்துப் போடுகிறாள். அபி கம்பெனி நடத்தியதை ஒரு கிராமத்துப் பெண் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று மாடிப்படியை மட்டும் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் கேட்பதில்லை.

2023-ல் தொடங்கிய விஜய் டிவியின் 'சிறகடிக்க ஆசை'யில் முத்து கார் ஓட்டுகிறான், மீனா பூக்கட்டி விற்கிறாள். வீட்டில் மூன்று மகன்களுக்கும் அறை போதவில்லை. இவர்கள் ஹாலில் படுக்கிறார்கள். மாடியில் ஓர் அறை கட்டக் காசு சேர்ப்பது கதையில் பெரிய சங்கதி. கணக்கெடுப்பின் 37 பேரை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வில்லத்தனமும் நகைத்திருட்டும் வழக்கம்போல உண்டு, அது கிடக்கட்டும்.

எங்கள் தெருவில் ஏ.சி. ரிப்பேர் பார்க்கும் ஒருவர் திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊரில் ஒன்றரை சென்ட்டில் வீடு கட்டினார். இருபது வருஷ பெங்களூர்ச் சம்பாத்தியமும் மேலே லோனும். ஹால் இரட்டை உயரம், உள்ளே வளைந்த படி வேண்டும் என்று மனைவியும் மகளும் போனில் ஒரு சீரியல் வீட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்கள். வேலைக்காரர்கள் ஏற்றிவைக்கும் பொம்மைப் படத்தைப் பார்ப்பதுபோல மேஸ்திரி பார்த்தாராம். பிறகு தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். ஒன்றரை சென்ட் என்றால் சுமார் 650 சதுர அடி. சுற்றிக் கொஞ்சம் விட்டால் கட்ட 500. உள்படி, திரும்பும் இடத்தோடு, ஏறக்குறைய நூறு சதுர அடி சாப்பிடும். ஹாலை இரட்டை உயரமாக விட்டால் மேலே ஒரு ரூம் போச்சு. "வெளியில படி வெச்சா மேல ஒரு போர்ஷன் வரும்ணே. வாடகை வாங்கி லோன் கட்டலாம். உள்ள வெச்சா நீங்கதான் ஏறி இறங்கணும்."

மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம். கடைசியில் மகள்தான் காகிதத்தில் வாடகையையும் தவணையையும் எழுதிப் பார்த்தாள். பி.காம். இரண்டாம் வருஷம். படி வெளியே போனது. ஆனால் கைப்பிடி மட்டும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்த மாதிரியே ஸ்டீலில் வளைத்துப் போட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாங்களும் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியைவிட அந்தப் படியில் நின்று போட்டோ எடுக்கத்தான் கூட்டம். வெயிலில் கைப்பிடி கொதித்தது. பிடிக்க முடியவில்லை.